நடைத் தாள்

மதிப்புப் போடுகிறவர் வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, குனிந்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார். கையிலிருந்த குடையை மடக்கக்கூட இல்லை. காலையில் சின்னவள் துடைத்து வைத்த தரையில் மழைத்தண்ணீர் கோடு கோடாக ஓடியது. அவள் ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். அவர் அதன்மேலேயே ஏறி நின்றுகொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார்.

"புளிப்பு வாடை இல்ல. தப்பிச்சீங்க," என்றார். "இந்தப் பழைய கண்ணாடி ஷீட்டெல்லாம் கெட ஆரம்பிச்சா வினிகர் பாட்டிலைத் தொறந்த மாதிரி அடிக்கும். வாசல்லயே தெரிஞ்சிடும். நான் அப்படியே திரும்பிப் போயிடுவேன். டீ குடிச்சிட்டுத்தான் போவேன், அது வேற விஷயம்."

அண்ணன் தேவைக்கு மேலேயே சிரித்தான். சின்னவள் டீ போடப் போனாள்.

அண்ணன் தொலைவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வருடக்கணக்காக உயரத்தில் உட்கார்ந்தே பழகியவனுக்குத் தரையில் நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. சட்டைப் பைக்குள் விடுவான், எடுப்பான், மறுபடி விடுவான். அம்மாவின் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன், மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் போன் பண்ணினான். பழைய கார்ட்டூன் படங்களுக்காகக் கையால் வரைந்து வர்ணம் தீட்டிய தாள்களை இப்போது பெரிய மனிதர்கள் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்களாம், பத்திரிகையில் போட்டிருந்ததாம். "நம்ம அம்மா பெட்டி அப்படியேதானே இருக்கு?" என்று கேட்டான். சின்னவள் கட்டிலடியைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்கு," என்றாள்.

"ஒரு விலைன்னு தெரிஞ்சா ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாம் சின்னது. அம்மா ஒண்ணும் வச்சிட்டுப் போகலைன்னு யாரும் சொல்லக்கூடாது பாரு. வித்தாலும் ஒண்ணு மட்டும் எனக்கு வேணும். அந்த ஆட்டுக்குட்டி."

அம்மா வேலை பார்த்தது ஒரு கார்ட்டூன் கம்பெனியில். கல்யாணத்துக்கு முன்னாலேயே சேர்ந்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் விடாமல், கம்பெனி மூடும்வரை அங்கேதான் இருந்தாள். பச்சை பூட்ஸ் போட்ட ஓர் ஆட்டுக்குட்டி, செய்திக்கு முன்னால் டிவியில் வரும். இரண்டு காலில் நடக்கும், எதையாவது போட்டு உடைக்கும், அழும், போய்விடும். அவ்வளவுதான் கதை. அந்த ஆட்டுக்குட்டி கையைத் தூக்குகிற கண் இமைக்கிற நேரத்துக்குக்கூட ஒரு கட்டுத் தாள் வேண்டும். ஒருத்தர் கண்ணாடித் தாளின் முன்பக்கம் கோடு இழுப்பார், அம்மாவும் அவள் கூட்டாளிகளும் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வர்ணம் தீட்டுவார்கள். அம்மாவின் பொறுப்பு வெள்ளையும் பச்சையும். வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் பச்சை இருக்கும். சோறு பிசைந்து ஊட்டும்போது பிள்ளைகள் இருவரும் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆட்டுக்குட்டியின் நடை அண்ணனுடையது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பெருமை. அவன் நடக்கப் பழகிய காலத்தில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஒருநாள், அம்மா அவனைக் கம்பெனிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். அங்கே யாரோ கழற்றிப் போட்டிருந்த பெரிய பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு நடைவழி முழுக்கத் தத்தக்கா புத்தக்கா என்று நடந்திருக்கிறான். வலது கால் உள்பக்கம் திரும்பும், இடது கை வெளியே வீசும். படம் வரைகிறவர் பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்குப் பிடித்த நடைதான் கடைசிவரை ஆட்டுக்குட்டிக்கு. சின்னவளுக்குச் சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "நான் அப்ப பொறந்திருந்தா என் நடையைத்தான் வரைஞ்சிருப்பாங்க," என்பாள். "நீ நடந்தா வாத்து படம்தான் எடுக்கணும்," என்பான் அண்ணன்.

கம்பெனி மூடியபோது எல்லாவற்றையும் லாரியில் அள்ளிக் கொட்டினார்கள். அம்மா ஒரு தகரப் பெட்டி நிறையத் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கலை என்றோ நினைவு என்றோ இல்லை. பெட்டி நல்ல பெட்டி, தாள் நல்ல கெட்டித் தாள், அலமாரிக்கு விரிக்கலாம் என்றுதான். விரித்தாள். அண்ணனின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது ஓர் ஆட்டுக்குட்டியை ஒட்டி வைத்தாள், ஒரு குளிர்காலம் முழுக்க அது தெருவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. மீதி அப்படியே கட்டிலடியில் கிடந்தது.

அந்த மீதி எங்கே போயிற்று என்பது சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மாவுக்கு மறதி வந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் அப்பா இறந்ததை மறந்தாள், அதுகூட நல்லதாகப் போயிற்று. கடைசியில் கல்யாணமே மறந்துவிட்டது. மத்தியானம் ஆனால் பையை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே போய் நிற்பாள். "நேரமாச்சு, திட்டுவாங்க, கதவைத் தொறங்க," என்பாள். திறக்காவிட்டால் அழுவாள். சத்தமாக இல்லை, வேலை போய்விடுமோ என்று பயந்த ஒரு சின்னப் பெண்ணின் அழுகை. சின்னவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, பேன்ட் கால் மடித்துத் தைப்பதும் திரைச்சீலை தைப்பதுமாகப் பிழைக்கிறவள். துணி கொடுக்க வருகிறவர்கள் அந்த அழுகையைக் கேட்டுவிட்டு அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒருநாள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அந்தப் பெட்டியை இழுத்து அம்மா முன்னால் திறந்து வைத்தாள். அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. மேல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஷூட்டிங் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு," என்றாள் சின்னவள், என்ன கேட்கிறாள் என்று தெரியாமலே.

"அப்புறம் ஏன் கழுவாம வச்சிருக்கீங்க? நாளைக்கு வரையறதுக்கு ஷீட் வேணாமா? நீ புதுசா?"

"ஆமா, புதுசு."

"யாரும் சொல்லித் தரலையா? வா."

கம்பெனியில் தாளுக்குத் தட்டுப்பாடு. படம் பிடித்து முடிந்ததும் கழுவிக் காயவைத்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு முதலில் கொடுக்கிற வேலையே அதுதான். அம்மாவும் அப்படிக் கழுவிக் கழுவித்தான் வர்ணம் தீட்டுகிற நாற்காலிக்கு வந்தவள். அன்று முதல் மத்தியானமெல்லாம் பின்கட்டில் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பிடி சோப்புத்தூள், பழைய பனியன் துணி. முதலில் நிறம் போகும். ஆட்டுக்குட்டி வெறும் கோடாக நிற்கும். அப்புறம் கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் கோடும் போகும். தண்ணீர் பாலும் பச்சையுமாக வடிகாலில் இறங்கும். துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினால் காற்றில் சலசலவென்று ஆடும்.

"உள்ளங்கை படக்கூடாது, எண்ணெய் ஒட்டிக்கும்," என்பாள் அம்மா. அவள் சொன்னபடியே சின்னவள் பருத்தித் துணியில் கையுறை தைத்துக் கொடுத்தாள், கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் வெளியே தெரிகிற மாதிரி வெட்டி. அதை மாட்டிக்கொண்டால் அம்மாவின் நடுக்கம் பாதி குறைந்துவிடும். வேலை முடிந்ததும் பாலில் ஊறவைத்த ரொட்டியை முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள். "நல்லா கழுவற புதுப்பொண்ணு. உனக்குச் சீக்கிரம் வர்ணத்துல எடம் கெடைக்கும்," என்பாள். பெற்ற மகள் அந்தப் பாராட்டுக்காக மத்தியானத்தை எதிர்பார்த்துக் கிடந்தாள். சின்ன வயதில்கூட அம்மா அவளை அப்படி வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை.

ஒரு கட்டுத் தாளை மட்டும் அம்மா தொட விடவில்லை. ஆட்டுக்குட்டி நடக்கிற தாள்கள். "நடைத் தாளைக் கழுவிடாதே, வேலை போயிடும். எந்தக் கதையா இருந்தாலும் அது நடந்துதானே வரணும்? திரும்பத் திரும்ப வேணும் அது." சொல்லிவிட்டு, அந்தக் கட்டின் ஓரத்தைப் பிடித்துச் சரசரவென்று விரலால் ஓடவிட்டாள். ஆட்டுக்குட்டி நடந்தது. அம்மா சிரித்தாள்.

"இது ஒரு கொழந்தை நடந்து காட்டின நடை, தெரியுமா? நடைவழியில நடந்துச்சு. யார் வீட்டுப் பிள்ளையோ. என்ன அழகா நடந்துச்சு."

யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லச் சின்னவள் வாயெடுத்தாள். மென்று முழுங்கினாள். அதற்கு முந்தைய மாதம்தான் ஒருநாள் தாங்க மாட்டாமல், "அம்மா, நான் உன் பொண்ணும்மா," என்று சொல்லிவிட்டாள். அம்மா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, "எனக்குக் கல்யாணமே ஆகலீங்க, யார்கிட்டயும் இப்படிச் சொல்லாதீங்க," என்று கும்பிட்டாள். அன்று முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சின்னவள் எதையும் திருத்தவில்லை.

அண்ணன் ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். "எப்படி இருக்காங்க? என்னை ஞாபகம் இருக்கில்ல?"

"உன்னை மறப்பாங்களா? காலையிலகூட கேட்டாங்க."

"குடு, பேசறேன்."

"இப்பத்தான் தூங்கினாங்க."

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாள். அவ்வளவு தூரத்தில் கிடக்கிறவன், நல்ல வார்த்தை கேட்டுவிட்டுத் தூங்கட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். பொய் என்றால் ஒன்றோடு நிற்குமா? அடுத்த ஞாயிறு முந்தைய ஞாயிறின் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காரியத்தன்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். "கடைசிவரை என்னையே கேட்டுட்டு இருந்தாங்களே, நான் வரலியே," என்று. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் எப்படித் திறப்பது?

தாள்களைக் கழுவியதைச் சொன்னால், ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் எல்லாம் வந்துவிடும். அம்மா போன பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் உறவு என்று இருப்பது இவன் ஒருவன்தான். மத்தியானம் மிஷினில் உட்கார்ந்தால் இப்போதும் கதவுப் பக்கம் காது போகிறது. ஞாயிறு போனையும் இழந்துவிட்டு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டீயை எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது மதிப்புப் போடுகிறவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, துணி வெட்டுகிற மேசைமேல் தாள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கி மூலையிலிருக்கும் எண்ணைப் பார்ப்பார், "ம்" என்பார். அந்த "ம்" முதலில் குழைவாக இருந்தது, போகப் போகக் கட்டையாயிற்று.

"வெள்ளை வெடிக்கவே இல்ல. யார் தீட்டினது, உங்க அம்மாவா? கை சுத்தம்," என்றார். பிறகு பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவினார். "ஆனா எல்லாம் நடையா இருக்கே? நிக்கறது, விழறது, அழறது ஒண்ணையும் காணோம். வாங்கறவங்க கேக்கறதே அதைத்தான். மூஞ்சி நேரா பாத்துச் சிரிக்கிற ஷீட்."

"இருக்குமே சார். நான் பாத்திருக்கேன். என் கணக்குப் புஸ்தகத்துல போட்டிருந்ததே அழற ஆட்டுக்குட்டிதான். பொருத்தமாத்தான் இருந்துச்சு," என்றான் அண்ணன்.

"பெட்டி உள்பக்கம் பாருங்க. மேல்மட்டம் வரைக்கும் ஷீட் இருந்த தடம் தெரியுது. தூசியும் இல்ல. சமீபத்துலதான் யாரோ எடுத்திருக்காங்க."

அண்ணன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். எடுத்தான்.

"நேத்து கட்டிலடியில இருந்து ஒத்தைக் கையால இழுத்தேன்," என்றான் மெதுவாக. "அப்பாவும் நானும் சேர்ந்து நகத்துற பெட்டி. அப்பவே நெனச்சேன்." சின்னவளைப் பார்த்தான். "எங்க சின்னது மீதி?"

அவள் டீ தம்ளரை மேசை ஓரத்தில் வைத்தாள். வைத்ததை மறுபடி கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"வித்துட்டியா?"

திருடி என்ற பெயர் என்றைக்காவது ஆறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. மற்றது ஆறாது.

"ஆமாம்," என்றாள்.

"யாருக்கு?"

"பழைய சாமான் எடுக்கிறவர் ஒருத்தர் வந்தார்."

"பழைய சாமான்காரனுக்கா!" என்று மதிப்புப் போடுகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், தன் வீட்டுச் சொத்தே போன மாதிரி.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கேட்டிருந்தா முழுசா உனக்கே குடுத்திருப்பேனே," என்றான். "உங்க அண்ணி சொன்னா, பெட்டியும் வீடும் ஒத்தை ஆள் கையில இருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு. அவளைத் திட்டினேன் சின்னது. எந்தங்கச்சியை எனக்குத் தெரியும்னு திட்டிட்டு வந்தேன்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே மழை வலுத்தது. இந்தப் பேச்சுக்கு நடுவே நிற்கப் பிடிக்காமல் மதிப்புப் போடுகிறவர் கை கழுவ வேண்டும் என்றார். பின்கட்டுக்கு வழி காட்ட இருவரில் யாரும் அசையவில்லை. அவரே தேடிக்கொண்டு போனார்.

போனவர் வர நேரமாயிற்று. வந்தபோது அவர் கையில் அம்மாவின் கையுறை ஒன்றும், பழைய போர்வையில் சுற்றியிருந்த ஒரு கட்டும் இருந்தன. சின்னவள் இரண்டெட்டு முன்னால் வைத்தாள். அதற்குள் அவர் போர்வையை மேசைமேல் பிரித்துவிட்டார். உள்ளே வெறும் தாள்கள், பளிங்கு மாதிரி சுத்தமாக, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே மெல்லிய காகிதம் வைத்து அடுக்கியிருந்தது.

"அலமாரியில பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க, தொழில் புத்தி," என்றார். "இந்தக் கையுறை கடையில கெடைக்காது. வேலை பாத்தவங்க வெட்டிக்கிறது. யார் தச்சது?"

"நான்தான்."

அவர் ஒரு தாளை எடுத்து ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்தால் மட்டும், பேனா அழுத்திய தடம் ஆவி மாதிரி தெரிந்தது. இரண்டு காது, ஒரு வாய், வழிகிற கண்ணீர்.

"இது விக்கல தம்பி," என்றார் அவர் அண்ணனிடம். "கழுவியிருக்கு. ஒரு கீறல் இல்லாம கழுவியிருக்கு. விலைன்னா இனிமே ஒண்ணுமில்ல. ஆனா பழைய சாமான்காரர்னு யாரும் இந்த வீட்டுக்கு வரல."

அதற்குமேல் தனக்கு வேலையில்லை என்று தெரிந்தவராக அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, நடைத் தாள்களை எண் வரிசையில் அடுக்கத் தொடங்கினார். காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கும், மனிதர்தானே.

"நீயா கழுவின?" என்றான் அண்ணன்.

"அம்மாவும் நானும்."

"எதுக்கு?"

"அம்மாவுக்கு வேலைக்குப் போகணும்னு இருந்துச்சு. தினம் வாசல்ல நின்னு அழுவாங்க. இதைக் குடுத்தா அழ மாட்டாங்க."

"வேலைக்கா? கம்பெனி மூடி எவ்வளவு காலமாச்சு!"

"அவங்களுக்கு மூடலை அண்ணா. அவங்க அங்கதான் இருந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி."

அண்ணனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தது முகத்தில் தெரிந்தது. தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடின்னா..."

"ஆமா."

"என்னைக் கேக்கவே இல்லையா?"

அவளால் நிமிர முடியவில்லை. "இல்லண்ணா."

"ஒரு தடவைகூடவா?"

"இல்ல."

"நீ ஞாயித்துக்கிழமை சொன்னதெல்லாம்?"

"நான் சொன்னதுதான்."

அவன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "உனக்குத் தெரியுமா," என்றான் உள்ளே போய்விட்ட குரலில், "அங்க மேல உக்காந்துக்கிட்டு தினம் தினம் செத்தேன். அம்மா தேடறாங்க, நாம போகலையேன்னு. நீ உண்மையைச் சொல்லியிருந்தா..."

"வந்திருப்பியா?"

சுருக்கென்று கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் கோபப்படவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

"தெரியலடி," என்றான். "அடையாளம் தெரியாத ஆளா வந்து அவங்க முன்னாடி நிக்கற தைரியம் எனக்கு வந்திருக்குமான்னு தெரியல." பிறகு, "உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?" என்றான்.

"புதுப்பொண்ணுன்னு கூப்பிட்டாங்க. நல்லா கழுவறேன்னு சொன்னாங்க. சீக்கிரம் வர்ணத்துல எடம் கெடைக்கும்னாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாதியில் உதடு கோணிவிட்டது. அண்ணன் எழுந்து வந்து அவள் தலைமேல் கையை வைத்தான். அவன் கைக்கு ஒரு இடம் கிடைத்தது. இருவரும் அழுதார்கள். அம்மாவின் காரியத்தன்று அவரவர் மூலையில் தனித்தனியாக அழுததோடு சரி. சேர்ந்து அழுவது இப்போதுதான்.

ஜன்னலருகே மதிப்புப் போடுகிறவர் தொண்டையைச் செருமினார். "நடை முழுசா இருக்கு," என்றார். "ஒரு காலடிகூட விட்டுப்போகல. இது பெரிய விஷயம்."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். மேசை நீளத்துக்கு ஆட்டுக்குட்டி நடந்துகொண்டிருந்தது. பச்சை பூட்ஸ், உள்பக்கம் திரும்பிய வலது கால், வெளியே வீசிய இடது கை. அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேசையின் மறுமுனைவரை போனான். அங்கே போய் அப்படியே நின்றுவிட்டான்.

"சின்னது."

"ம்."

"எல்லாத்தையும் கழுவியிருக்காங்க. இதை மட்டும் விட்டிருக்காங்க."

சின்னவள் டீ தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என் நடைடி."

மதிப்புப் போடுகிறவர் உற்சாகமாகத் திரும்பினார். "நடைன்னா எந்தக் கம்பெனியிலயும் கழுவ..."

"சார், உங்க டீ ஆறிப்போச்சு," என்றாள் சின்னவள். "வேற போட்டுத் தரேன்."

அவர் அவளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஆமா," என்றார். "ஆறித்தான் போச்சு."

"பேர் மறந்திருக்கலாம், மூஞ்சி மறந்திருக்கலாம்," என்றான் அண்ணன். அவன் விரல் கடைசித் தாளைத் தொடாமல் மேலேயே நின்றது. "இதைக் கழுவ மனசு வரல பாத்தியா அவங்களுக்கு?"

"தொடவே விடல அண்ணா," என்றாள் சின்னவள். "இதை மட்டும் என்னைத் தொடவே விடல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அண்ணன் விற்பதில்லை என்று சொல்லிவிட்டான். "விக்காத சாமானுக்கு மதிப்புச் சொல்ல மழையில அலைஞ்சிருக்கேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே மதிப்புப் போடுகிறவர் ஒரு காகிதத்தில் எதையோ எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதைப் பிரித்துப் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டான். அவர் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, வாசலில் நின்று, சின்னவளிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "கையுறையைப் பத்திரமா வச்சுக்கங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அண்ணன் கிளம்பினான். மழை விட்டிருந்தது. அவள் முட்டை பொரித்து ரொட்டிக்குள் வைத்து வழிக்குக் கட்டிக் கொடுத்தாள்.

"பாதி ஷீட் நீ வச்சுக்கோ," என்றான்.

"பாதி நடையை வச்சு நான் என்ன பண்றது? ஆட்டுக்குட்டி நொண்டும். நீயே கொண்டுபோ. கழுவினது எல்லாம் எனக்கு."

"வெறும் ஷீட்டாடி?"

"நான் கழுவினதாச்சே."

அவன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை பண்றேன்," என்றான். "இனிமே உள்ளதை உள்ளபடி சொல்லணும். உடம்பு சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லு."

"சொல்றேன்."

அவள் ஜன்னலருகே வந்து நின்றாள். ஈரத் தெருவில் அண்ணன் போய்க்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கொடுத்த கனத்த பூட்ஸ், தோளில் பெட்டி. பாரம் ஏறினால் மனிதனுக்கு நடை மாறும் என்பார்கள். அவனுக்கு மாறவில்லை. வலது கால் உள்பக்கம் திரும்பியது, இடது கை வெளியே வீசியது. வயது ஏறி, முதுகு கனத்து, தலை நரைத்த பிறகும் அதே தத்தக்கா புத்தக்கா. தெருமுனை வரும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

பின்கட்டில் தொட்டி காலியாகக் கிடந்தது. துணிக்கொடியில் கிளிப்புகள் மட்டும் தொங்கின. ஆணியில் மாட்டியிருந்த கையுறையை எடுத்து, தொட்டியின் எதிரே, அம்மா உட்காருகிற முக்காலியில் வைத்தாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளைதாம்மா," என்றாள்.

முன்னறையில் தைக்கத் துணி காத்திருந்தது. அவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள்.